யானை வாக்கிங் போச்சாம், பேங்க்குக்கு முடி வெட்டுனாங்களாம்: பிசினஸ் பக்கத்து இங்கிலீஷ எப்படிப் படிக்கிறது?

குழப்பம் எங்க ஆரம்பிக்குது

2024 ஏப்ரல்ல, அப்போ ரிசர்வ் பேங்க் கவர்னரா இருந்த சக்திகாந்த தாஸ் வட்டி விகித அறிவிப்புல ஒரு யானையக் கொண்டு வந்தாரு. ரெண்டு வருஷம் முன்னாடி ரூமுக்குள்ள நின்ன யானை இப்ப வாக்கிங் கெளம்பிடுச்சு, காட்டுக்குத் திரும்புற மாதிரி தெரியுதுன்னாரு. அதே வருஷம் அக்டோபர்ல யானை போயி குதிரை வந்துச்சு. குதிரையக் கஷ்டப்பட்டு லாயத்துல அடைச்சாச்சு, கதவத் தொறந்தா மறுபடி ஓடிடும்னு பேச்சு. மறுநாள் பேப்பர்ல யானை படம், குதிரை படம். காரைக்குடி செக்காலை ரோட்டு டீக்கடையில பேப்பர் படிக்கிறவர் வீட்டுல ரெண்டு ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கு, அவருக்குத் தெரிய வேண்டியது வட்டி ஏறுமா இறங்குமாங்கிறது ஒண்ணுதான், அது எங்க எழுதியிருக்குன்னு யானைக்குப் பின்னாடி தேட வேண்டியிருக்கு.

யானைன்னு அவர் சொன்னது விலைவாசி உயர்வ. 2022 ஏப்ரல்ல அது 7.8 சதவீதம் வரைக்கும் போச்சு, ரிசர்வ் பேங்க் வெச்சிருக்கிற இலக்கு 4 சதவீதம். யானை காட்டுக்குப் போகுதுன்னா விலைவாசி ஏறுற வேகம் இலக்குப் பக்கம் இறங்கி வருதுன்னு அர்த்தம். குதிரைக் கதவத் தொறக்க மாட்டோம்னா வட்டிய அவசரப்பட்டுக் குறைக்க மாட்டோம்னு அர்த்தம். அவ்ளோதான் விஷயம்.

இந்த மாதிரி தொடருங்கள அர்த்தத்தோட மனப்பாடம் பண்றதுல பெருசா பிரயோஜனம் இல்ல. ஸ்கூல்ல நாயும் பூனையுமா மழை பெய்யுதுன்னு ஒண்ணு சொல்லிக் கொடுத்தாங்க, அத எந்தப் பேப்பர்லயும் யாரும் பாத்திருக்க மாட்டோம். பணம் சம்பந்தமா வர்ற தொடருங்கள மட்டும் எடுத்து, அது எப்படி வேலை செய்யுதுன்னு அடியில இருந்து பாக்கலாம்.

மரபுத்தொடர்னா என்ன

சொல்லு சொல்லா அர்த்தம் எடுத்துக் கூட்டுனா வராத அர்த்தம் ஒரு தொடருக்கு இருந்தா அது மரபுத்தொடர். நம்மகிட்டயே பணத்துக்குன்னு எவ்ளோ இருக்குன்னு பாருங்க. கல்லா கட்டுறது, கையக் கடிக்கிறது, கம்பி நீட்டுறது, நாமம் போடுறது, தலையில மிளகாய் அரைக்கிறது. இதுல மஞ்ச கடுதாசி கொடுக்கிறது ரொம்ப சுவாரசியமானது. திவால் மனுவ மஞ்சள் தாள்ல கொடுத்த வழக்கத்துல இருந்து வந்ததுன்னு சொல்வாங்க. வெளியூர்க்காரனுக்கு அத வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்துச் சொன்னா கல்யாணப் பத்திரிகைன்னு நெனச்சுக்குவான்.

இங்கிலீஷ்ல திவாலுக்கு இருக்கிற வார்த்தையும் இதே ஜாதிதான். பேங்க்ங்கிற வார்த்தை இத்தாலிய மொழியில பெஞ்சுக்குச் சொல்ற ‘பாங்கா’வுல இருந்து வந்தது, காசு மாத்துறவங்க சந்தையில பெஞ்சு போட்டு உக்காந்திருப்பாங்க. ‘பாங்கா ரொட்டா’ன்னா உடைஞ்ச பெஞ்சு, அதுதான் பேங்க்ரப்ட் ஆச்சு. பணம் கொடுக்க முடியாதவனோட பெஞ்ச நிஜமாவே உடைச்சுப் போட்டாங்கன்னு ஒரு கதையும் உண்டு, அத அப்படியே நம்ப வேண்டியதில்ல, வார்த்தை வந்த வழி மட்டும் உறுதி. வட்டித் தொழில் பண்ண நம்ம செட்டிநாட்டு நகரத்தார் (செட்டியார்கள்) பர்மாவுலயும் மலாயாவுலயும் பெஞ்சு போடல, தரையில ஜமக்காளம் விரிச்சு முன்னாடி சாய்வு மூடி போட்ட மரப்பெட்டிய வெச்சுக்கிட்டு உக்காந்தாங்க. அந்தக் கடைகள்ல முதலாளிக்குக் கீழ ஏஜெண்டு, மேலாள், அடுத்தாள்னு போயி கடைசியில பெட்டியடிப் பையன் இருப்பான். பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து காசு எண்ணிக் கொடுத்தே தொழில் கத்துக்கிட்டு, அப்படியே மேல வந்தவங்க நெறய பேரு. பேங்க்குங்கிற வார்த்தை இங்க பொறந்திருந்தா அதுக்குப் பெட்டின்னுதான் பேரு வந்திருக்கும்.

நாம மாட்டிக்கிற இடங்கள்

1. படம் ஒண்ணு, அர்த்தம் நேர் எதிர். ‘இன் தி பிளாக்’னு இங்கிலீஷ்ல வந்தா கம்பெனி லாபத்துல ஓடுதுன்னு அர்த்தம். நமக்குப் பிளாக்னா கருப்புப் பணம், தியேட்டர் வாசல்ல பிளாக் டிக்கெட். நல்ல சேதிய திருட்டுக் கணக்குன்னு படிச்சுடுவோம். ரொம்ப ஆபத்தான வகை இதுதான், ஏன்னா புரியலங்கிறதே நமக்குத் தெரியாது.

2. படமே நம்மகிட்ட கிடையாது. நொண்டி வாத்து, செத்த பூனை இதெல்லாம். இங்க புரியலன்னு தெரியும், யார்கிட்டயாவது கேட்டுக்கலாம், அதனால அவ்ளோ ஆபத்து இல்ல.

3. தமிழுக்கே வந்துட்டுது, ஆனா பாதிதான் வந்திருக்கு. சிவப்பு நாடாங்கிறோம், ஆபீஸ் இழுத்தடிப்புன்னு புரியுது. இங்கிலாந்துல கோர்ட்டு, சர்க்கார் காகிதத்தக் கட்டுறதுக்குச் செவப்பா நாடா வெச்சிருந்தாங்க, அங்க வக்கீலுங்க கேஸ் கட்ட இன்னைக்கும் பிங்க் நாடாவுலதான் கட்டுறாங்க. வெள்ளை யானையும் இந்த வகைதான், அது கீழ வருது.

4. கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா ஒண்ணு இல்ல. ரூமுக்குள்ள யானைங்கிறத முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறதுன்னு சிலர் மொழிபெயர்க்கிறாங்க. பூசணிக்காய்ல மறைக்கிறவன் ஒருத்தன் இருக்கான், பொய் இருக்கு. யானைய யாரும் மறைக்கல, எல்லாருக்கும் கண்ணுல படுது, ஆனா ஒருத்தரும் அதப் பத்திப் பேச மாட்டேங்கிறாங்க. பங்காளிங்க எல்லாம் ஒண்ணா உக்காந்து சாப்பிடறப்போ பாகப்பிரிவினை கேஸ் பத்தி மட்டும் யாரும் வாயத் தொறக்கலன்னா அது யானை. (அந்தக் கணக்குல பாத்தா கவர்னர் சொன்ன இடத்துல இந்தத் தொடர் சரியா உக்காரவே இல்ல, 2022ல விலைவாசியப் பத்தி ஊரே பேசிக்கிட்டுதான் இருந்துச்சு.)

ஹேர்கட்: யாருக்கு முடி போச்சு

பிசினஸ் பக்கத்துல அதிகமா வந்து அதிகமா தப்பாப் புரிஞ்சுக்கப்படற தொடர் இதுதான்னு நெனைக்கிறேன். இதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு, ரெண்டையும் தனித்தனியா பிரிச்சுக்கணும்.

1. கடன் கொடுக்கிறதுக்கு முன்னாடி பண்ற ஹேர்கட். ஒரு லட்ச ரூபா மதிப்புள்ள நகைய அடகு வெக்கப் போறீங்க, 75 ஆயிரம்தான் தருவோம்ங்கிறாங்க. விடுபட்ட 25 ஆயிரம், அதாவது 25 சதவீதம்தான் ஹேர்கட். நாளைக்குத் தங்கம் வெல இறங்குனா கடன் கொடுத்தவன் மாட்டிக்கக் கூடாதுன்னு முன்கூட்டியே ஓரத்த நறுக்கி வெக்கிறது. இதுல யாருக்கும் நஷ்டம் இல்ல, நகை உங்களுதுதான், திருப்பிக்கலாம்.

2. கடன் மூழ்குன பிறகு பண்ற ஹேர்கட். ஒரு கம்பெனி 100 கோடி கட்டணும், கட்ட முடியல. 2016ல வந்த திவால் சட்டத்துப்படி கேஸ் தீர்ப்பாயத்துக்குப் போகுது, இன்னொருத்தர் 30 கோடி கொடுத்து அந்தக் கம்பெனிய எடுத்துக்கிறாரு, பேங்க்குங்க சரின்னு தலையாட்டுறாங்க. போன 70 கோடிதான் ஹேர்கட்.

இங்க நம்பர்ல ஒரு சறுக்கல் இருக்கு. 70 சதவீத ஹேர்கட்னா 70 வந்துச்சுன்னு இல்ல, 70 போச்சுன்னு அர்த்தம். டிஸ்கவுண்டு போர்டு பாத்துப் பழகுன கண்ணுக்கு பெரிய சதவீதம்னா நல்லதுன்னு பட்டுடும். அப்புறம், போன தொகைய எத வெச்சு அளக்கிறாங்கங்கிறதும் முக்கியம். 100 கோடிங்கிறதுல அசலும் இருக்கும், ஏறுன வட்டியும் அபராத வட்டியும் இருக்கும். அதனால, கம்பெனிய அப்படியே பிரிச்சு வித்தா எவ்ளோ வந்திருக்குமோ அதோட ஒப்பிட்டுப் பாருங்க, அப்ப இது நல்ல வசூல்தான்னு சட்டத்துக்கு ஆதரவா பேசறவங்க சொல்வாங்க. அந்த வாதத்துல ஓரளவு நியாயம் இருக்கு. ஆனா 2021 ஆகஸ்ட்ல நாடாளுமன்ற நிதி நிலைக்குழுவே தன்னோட அறிக்கையில, சில கேஸ்ல ஹேர்கட் 95 சதவீதம் வரைக்கும் போகுது, இது எங்க போயி நிக்கும்னு கேட்டுச்சு. அதே வருஷம் ஒரு பெரிய கேஸ்ல தீர்ப்பாயமே தன் உத்தரவுல, இது முடிவெட்டா இல்ல மொத்தமா மொட்டையான்னு எழுதுச்சு.

மொட்டைன்னதும் நமக்குப் பளிச்சுனு புரியுது பாருங்க. தமிழ்ல மொட்டை அடிச்சுட்டான்னா ஏமாத்திட்டான், ஒண்ணுமில்லாம ஆக்கிட்டான். குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துக்கிட்டு போடற மொட்டை வேற, சீட்டு நடத்துனவன் போட்ட மொட்டை வேற, அந்த வித்தியாசம் கொழந்தைக்கும் தெரியும். இங்கிலீஷ் ஹேர்கட்ல அந்த வித்தியாசமே காணாமப் போகுது. சலூன்ல போயி உக்காந்து காசு கொடுத்து வெட்டிக்கிற மாதிரி ஒரு சாதாரண வேலையா அது காதுல விழுது. பேங்க் ஹேர்கட் எடுத்துக்கிச்சுன்னு எழுதுறாங்க, எடுத்துக்கிச்சாம். வெட்டுனவன் யாரு, முடி யாரோடதுன்னு அந்த வாக்கியத்துல இடமே கிடையாது. சர்க்கார் பேங்க்குன்னா கடைசியில அது வரி கட்டுறவங்க முடிதான்.

செட்டிநாட்டுக்கு இது புதுசும் இல்ல. 1930கள்ல உலகமே மந்தத்துல கெடந்தப்போ பர்மாவுல நெல்லு வெல விழுந்து, கடன் வாங்குன விவசாயிங்க கட்ட முடியாம, பணத்துக்குப் பதிலா நிலம் கைக்கு வந்துச்சு. 1930 வாக்குல கீழ்ப் பர்மாவுல முக்கியமான நெல் மாவட்டங்கள்ல சுமார் 6 சதவீத நிலம்தான் செட்டியார்கள் கையில இருந்துச்சு, 1938க்குள்ள அது 25 சதவீதம் பக்கம் ஆயிடுச்சு. வட்டித் தொழில் பண்ணவங்க வேணாம் வேணாம்னு நிலச்சுவான்தார் ஆனாங்க, பர்மாக்காரங்களுக்கோ நம்ம நிலம் போச்சேன்னு ஆத்திரம். 1942ல ஜப்பான்காரன் வந்தான், விட்டுட்டு ஓடி வந்தாங்க, 1948ல சுதந்திர பர்மா நிலத்த தேசியமயமாக்கச் சட்டம் போட்டுச்சு. இன்னைக்கு பிசினஸ் பக்கத்துல எழுதுனா அதையும் ஹேர்கட்ன்னுதான் எழுதுவாங்க.

பெயில் அவுட்டும் பெயில் இன்னும்: ஒரு வார்த்தையில உயிர் போயி வந்த கதை

இங்கிலீஷ்ல பெயில்ங்கிறது ரெண்டு வேற வார்த்தை, எழுத்து மட்டும் ஒண்ணு. ஒண்ணு கோர்ட்டு ஜாமீன். இன்னொண்ணு, படகுல தண்ணி ஏறுனா வாளியால மொண்டு வெளிய ஊத்துறது. பணச் சேதியில வர்ற பெயில் அவுட்டுக்கு எது வேருன்னு வாதம் நடக்குது, படிக்கிறவனுக்கு ரெண்டுமே உதவும்: மூழ்கப் போறத வெளியில இருந்து ஒருத்தர் கை கொடுத்துக் காப்பாத்துறது. 2008ல அமெரிக்க சர்க்கார் பேங்க்குங்களத் தூக்கி நிறுத்த 70 ஆயிரம் கோடி டாலர் வரைக்கும் அனுமதி வாங்குச்சே, அது பெயில் அவுட். பணம் வெளிய இருந்து வருது, வரிப்பணம்.

இதுக்கு எதிர்ப்பதமா 2010 வாக்குல புழக்கத்துக்கு வந்ததுதான் பெயில் இன். வெளியில யாரும் வர மாட்டாங்க, உள்ள இருக்கிறவங்களே தாங்கணும். உள்ள யாரு இருக்காங்க? பேங்க்கோட பங்கு வெச்சிருக்கிறவங்க, பாண்டு (கடன் பத்திரம்) வாங்குனவங்க, அதுவும் பத்தலன்னா டெபாசிட் போட்டவங்க. 2013ல சைப்ரஸ் நாட்டுல இது நிஜமாவே நடந்துச்சு. ஒரு லட்சம் யூரோவுக்கு உள்ள இருந்த டெபாசிட்டத் தொடல. அங்க இருந்த பெரிய பேங்க்ல, அதுக்கு மேல இருந்த தொகையில 47.5 சதவீதத்த பேங்க்கோட பங்கா மாத்திட்டாங்க.

இப்ப 2017 கடைசிக்கு வாங்க. அந்த வருஷம் ஆகஸ்ட்ல மக்களவையில ஒரு நிதித் தீர்வு மசோதா வந்துச்சு, அதுக்குள்ள ஒரு பிரிவுல பெயில் இன்ங்கிற வார்த்தை இருந்துச்சு. கொஞ்ச நாள்ல அது வாட்ஸாப்புக்கு வந்து, உங்க பணத்த பேங்க் எடுத்துக்கப் போகுதுன்னு ஊரெல்லாம் சுத்துச்சு. அந்த மாசங்கள்ல பேங்க் கவுண்டர்ல நடந்த பேச்சு இந்த மாதிரிதான் இருந்துச்சு:

“ஏன் தம்பி, நாளைக்கு பேங்க்கு நட்டம்னா எங்க டெபாசிட்ட எடுத்து அடைச்சுக்குவீகளாமுல்ல?”

“அதெல்லாம் இல்ல ஆச்சி, பெயில் அவுட் பண்ணிடுவாங்க.”

“அதத்தான் நானும் கேக்குறேன், உள்ளயா வெளியயா?”

ஆச்சி கேட்டது சரியான கேள்வி, அவுட்டா இன்னாங்கிற ஒத்த வார்த்தையிலதான் மொத்த விஷயமும் இருந்துச்சு. மசோதாவ 2018 ஆகஸ்ட்ல வாபஸ் வாங்கிட்டாங்க, சட்டமாகல. அப்ப டெபாசிட் இன்சூரன்ஸ் ஒரு லட்சம்தான், 1993ல நிர்ணயம் பண்ணது. 2020 பிப்ரவரியில அத அஞ்சு லட்சமா ஒசத்துனாங்க. ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்குக்கு அஞ்சு லட்சம், அசலும் வட்டியும் சேத்து. ஒரே பேங்க்ல காரைக்குடி கிளையில ஒண்ணு தேவகோட்டை கிளையில ஒண்ணுன்னு போட்டா ரெண்டும் சேத்துதான் அஞ்சு, கிளைக்குக் கிளை தனியா கெடையாது. வேற வேற பேங்க்னா தனித்தனி.

வெளியில இருந்து யாரும் வராத காலத்தையும் நம்ம பக்கம் பாத்திருக்கு. 1906 அக்டோபர்ல மெட்ராஸ்ல இங்கிலீஷ்காரங்க நடத்துன ஆர்பத்நாட்ங்கிற பேங்க் கம்பெனி மஞ்ச கடுதாசி கொடுத்தப்போ தூக்கி நிறுத்த சர்க்கார் வரல, பணம் போட்டவங்க நெறய பேரு இழந்தாங்க. அடுத்த வருஷம், நம்மாளுகளே ஒரு பேங்க் வெச்சுக்கணும்னு இந்தியன் பேங்க் ஆரம்பிச்சாங்க, நகரத்தார் அதுக்குப் பெரிய தூணா நின்னாங்க. 1937 பிப்ரவரியில எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் தொடங்குனப்போ காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன் மூணு ஊருலயும் ஒரே நாள்ல தொறந்தாரு.

கரடி, காளை, நொண்டி வாத்து: எல்லாம் ஒரே சந்து

நம்மூர்ல கரடி விடாதன்னா பொய் சொல்லாதன்னு அர்த்தம். பங்குச் சந்தையில கரடிங்கிறது வெல எறங்கும்னு பந்தயம் கட்டுறவன். காளை கொம்பால மேல தூக்கும், கரடி கையால கீழ அடிக்கும், அதான் பேரு வந்துச்சுன்னு எல்லா யூடியூப் வீடியோவுலயும் சொல்றாங்க, அது பின்னாடி ஒட்டவெச்ச விளக்கம். வேரு ஒரு பழமொழியில இருக்கு: கரடியப் பிடிக்கிறதுக்கு முன்னாடி தோல விக்காத. 1700கள்ல லண்டன்ல எக்ஸ்சேஞ்ச் ஆலின்னு ஒரு சந்து, அங்க ஜோனதன்ஸ்னு ஒரு காப்பிக் கடை, பங்குத் தரகருங்க எல்லாம் அங்கதான். கையில இல்லாத பங்க விக்கிறவங்கள கரடித்தோல் வியாபாரின்னு கூப்பிட்டாங்க.

எப்படி வேலை செய்யுதுன்னா:

1. கையில தோலே இல்ல, ஆனா அடுத்த மாசம் தர்றேன்னு இன்னைக்கே 100 ரூபாய்க்கு வித்துடறான்.
2. அடுத்த மாசம் சந்தையில தோல் 80 ரூபா. வாங்கிக் கொடுத்துடறான், 20 லாபம்.
3. வெல 130 ஆயிட்டா 130 கொடுத்து வாங்கி 100க்கு வித்ததா கணக்கு, 30 நஷ்டம். எவ்ளோ ஏறுமோ அவ்ளோ நஷ்டம், அதுக்கு எல்லையே கெடையாது.

இன்னைக்கு ஷார்ட் செல்லிங்னு சொல்றது இதத்தான். கரடிக்கு ஜோடியா காளை பின்னாடி வந்து சேந்துச்சு, அது வெல ஏறும்னு நம்பி வாங்கிக் குவிக்கிறவன். சிராவயல் மஞ்சுவிரட்டு பாத்தவங்களுக்கு இதுல ஒரு சந்தேகம் வரலாம், காளை ஓடறது நல்லதா கெட்டதான்னு. மாடு வெச்சிருக்கிறவனுக்கு நல்லது, எதுக்க நிக்கிறவனுக்குக் கெட்டது. சந்தையிலயும் அப்படித்தான், ஏற்கனவே வாங்கி வெச்சிருக்கிறவனுக்குத்தான் காளை.

அதே சந்துல பொறந்ததுதான் லேம் டக். வித்தது வாங்குனது கணக்கு முடிக்க முடியாத தரகர் தலையத் தொங்கப்போட்டு சந்த விட்டு வெளிய போவாரு, அத நொண்டி வாத்து தத்தித் தத்திப் போறதா கிண்டல் பண்ணாங்க. 1761லயே ஹொரேஸ் வால்போல்ங்கிறவர் ஒரு கடிதத்துல காளை, கரடி, நொண்டி வாத்து மூணையும் சேத்து, இதெல்லாம் என்னன்னு தெரியுமான்னு கேட்டிருக்காரு, அப்பவே படிச்சவங்களுக்குக் கூட இது விளங்காத பாஷைதான். நம்மூர்ல கடன் கட்ட முடியாதவன் கம்பி நீட்டுவான், லண்டன்ல வாத்தா நடந்திருக்கான். பின்னாடி அமெரிக்காவுல இந்த வார்த்தை அரசியலுக்குப் போயிடுச்சு: தேர்தல் முடிஞ்சு அடுத்த ஆளு வந்தாச்சு, ஆனா பழைய அதிபர் இன்னும் நாற்காலியில இருக்காரு, கையெழுத்துக்கு மரியாதை இல்ல. நவம்பர்ல தேர்தல் நடந்து மார்ச் வரைக்கும் இப்படிக் கெடந்தத, 1933ல நிறைவேறுன 20ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஜனவரி 20க்குக் கொண்டு வந்துச்சு. இத காபந்து சர்க்கார்னு மொழிபெயர்க்கிறது சரியா வராது. காபந்து சர்க்காருக்குப் பெரிய முடிவு எடுக்கக் கூடாதுங்கிற மரபு இருக்கு, நொண்டி வாத்துக்கு அதிகாரம் முழுசா இருக்கு, பேச்சு கேக்கத்தான் ஆளு இல்ல.

செத்த பூனை

சுருக்கமா முடிச்சுடலாம். ரொம்ப ஒசரத்துல இருந்து போட்டா செத்த பூனை கூட ஒரு துள்ளு துள்ளும். பயங்கரமா விழுந்த பங்கு நடுவுல கொஞ்சம் ஏறி மறுபடி விழுந்தா அந்த ஏத்தத்துக்குப் பேரு டெட் கேட் பவுன்ஸ். 1985 டிசம்பர்ல சிங்கப்பூர், மலேசியச் சந்தைங்க மூணு நாள் மூடிக் கெடந்து தொறந்து, விழுந்து, லேசா ஏறுனப்போ லண்டன் பத்திரிகையில இந்தத் தொடர் வந்தது. பவுன்ஸ்ங்கிற வார்த்தைய மட்டும் பாத்துட்டு மீண்டுடுச்சுன்னு வாங்கிடறாங்க, அதான் பிரச்சினை. இன்னொண்ணு, பூனை செத்ததா உசுரோட இருக்கான்னு மறுபடி விழுந்த பிறகுதான் தெரியும், முன்கூட்டியே சொல்றவங்க கரடி விடறாங்க (தமிழ் கரடி).

வெள்ளை யானை: நமக்கு ஐராவதம், அவங்களுக்கு ரோதனை

சயாம் ராஜா தனக்குப் பிடிக்காத பிரபுவுக்கு வெள்ளை யானையப் பரிசா கொடுப்பாராம். புனிதமான மிருகம், வேலை வாங்கக் கூடாது, விக்கக் கூடாது, வேணாம்னு சொல்லவும் முடியாது, தீனி போட்டே பிரபு ஓட்டாண்டி ஆயிடுவாரு. இது இங்கிலீஷ்காரங்க சொல்லிக்கிட்ட கதை, அந்தப் பக்கத்து ராஜாங்க வெள்ளை யானைய அவ்ளோ சுலபமா யாருக்கும் கொடுக்கிற ஆளுங்க இல்ல. பர்மாவுல 1763ல இருந்து 1776 வரைக்கும் ஆண்ட சின்பியூஷின்ங்கிற பேருக்கே வெள்ளை யானைக்கு அதிபதின்னுதான் அர்த்தம். நமக்கும் வெள்ளை யானைன்னா இந்திரனோட ஐராவதம். அதனால ஒரு திட்டத்த வெள்ளை யானைன்னு பேப்பர்ல எழுதுனா தமிழ் வாசகருக்கு அது திட்டா பாராட்டான்னு ஒரு நொடி தடுமாறும்.

அர்த்தம் இதுதான்: வெச்சிருக்கவும் கட்டுபடியாகாது, விட்டுத் தொலைக்கவும் முடியாது. இதுக்கு உதாரணம் தேடி எங்கயும் போக வேணாம், கானாடுகாத்தான் பள்ளத்தூர் பக்கம் ஒரு தெருவுல நடந்தா போதும். அங்க இருக்கிற பெரிய நகரத்தார் வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவுல, கொல்லை அடுத்த தெருவுல. பர்மா தேக்குத் தூணு, முட்டை வெள்ளைக்கரு போட்டு எழைச்ச சுவரு, இத்தாலி பளிங்கு, ஆத்தங்குடிக் கல்லு. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி ஓடு மாத்தணும், வளவுல தண்ணி நிக்காமப் பாக்கணும், ரெண்டாங்கட்டுல கரையான் வராமப் பாக்கணும், காவலுக்கு ஒரு ஆளு வேணும். பங்கு பிரிஞ்சு பிரிஞ்சு, சென்னையில நாலு பேரு, சிங்கப்பூர்ல ரெண்டு பேரு, அமெரிக்காவுல மூணு பேருன்னு கையெழுத்துப் போட வேண்டியவங்க இருப்பாங்க, ஒருத்தர் மாட்டேன்னாலும் விக்க முடியாது. வருஷத்துல ஒரு கல்யாணத்துக்கோ படைப்புக்கோ தொறக்கிறாங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைங்கள்ல கதவும் தூணும் எனாமல் தூக்கும் விலைக்கு நிக்கிறது எப்படி வந்துச்சுன்னா, யானையத் தனித்தனியாத்தான் விக்க முடிஞ்சிருக்கு.

ஒரு கண்டிஷன் மட்டும் பாத்துக்கணும். நஷ்டத்துல ஓடறதெல்லாம் வெள்ளை யானை இல்ல. நாளைக்கே வித்துடலாம்னா அது வெறும் நஷ்டம். அதே மாதிரி அரண்மனைய ஹோட்டலா மாத்தி காசு பாக்கிறவங்களுக்கு அது யானையே இல்ல.

பருந்து, புறா, செவப்பு, தகர டப்பா

மிச்சத்த வேகமா பாத்துடலாம்.

1. ஹாக், டவ். ரிசர்வ் பேங்க்ல வட்டி முடிவு பண்ற குழுவுல 6 பேரு, 3 பேரு உள்ள, 3 பேரு வெளிய. விலைவாசிய அடக்க வட்டி ஒசரமா இருக்கணும்ங்கிறவர் பருந்து, வளர்ச்சிக்காகக் குறைக்கலாம்ங்கிறவர் புறா. பருந்துன்னா கெட்டவர், புறான்னா நல்லவர்னு எடுத்துக்கக் கூடாது. டெபாசிட் வட்டியில வாழற பெரியவங்களுக்குப் பருந்து வந்தா நல்லது, வீட்டுக் கடன் கட்டுற அவங்க மகனுக்குப் புறா. ஒரே வீட்டுல ரெண்டு கட்சி.

2. இன் தி ரெட். கணக்குப் புத்தகத்துல நஷ்டத்த செவப்பு மையிலயும் லாபத்தக் கருப்பு மையிலயும் எழுதுன பழக்கத்துல இருந்து வந்தது, நஷ்டத்துல ஓடுதுன்னு அர்த்தம். அமெரிக்காவுல நவம்பர்ல வர்ற பிளாக் ஃபிரைடேக்கும் இந்தக் கருப்பு மையத்தான் காரணம் சொல்றாங்க, அது பின்னாடி கட்டுன கதை, பிலடெல்ஃபியா போலீஸ்காரங்க அன்னைக்கு வர்ற டிராஃபிக் நெரிசல நொந்துக்கிட்டு வெச்ச பேரு அது.

3. கிக்கிங் தி கேன். ரோட்டுல கெடக்கிற தகர டப்பாவ எத்தி எத்தியே நடக்கிறது. பிரச்சினையத் தீர்க்காம அடுத்தவன் காலத்துக்குத் தள்ளிவிடறது. பழைய கடன அடைக்கப் புதுக்கடன் கொடுத்து கணக்க நல்லதா காட்டுற பேங்க்குக்கு இத எழுதுவாங்க.

4. பேக்கர்ஸ் டஜன். 13. நிறை குறைஞ்சா தண்டனைன்னு 1200கள்லயே இங்கிலாந்துல ரொட்டிக்குச் சட்டம் இருந்ததால பயந்துக்கிட்டு ஒண்ணு கூடக் கொடுத்தாங்கங்கிறது வழக்கமான விளக்கம். நம்ம கொசுறு அப்படி இல்ல, அது பயத்துல வர்றதில்ல, வாங்குறவங்க கேட்டு வாங்குறது.

ஒரு வரிய எப்படிப் பிரிக்கிறது

மிருகமும் கத்திரியும் வர்ற வாக்கியத்துல பெரும்பாலும் மனுஷன் இருக்க மாட்டான். கரடி அடிச்சுது, யானை கெளம்புச்சு, முடி போச்சு, அவ்ளோதான் இருக்கும். அதனால படிக்கிறப்போ விட்டுப்போன ஆளத் திருப்பி உள்ள வெக்கணும். மூணு கேள்வி போதும்: யாரோட பணம், எவ்ளோ, யாரு தலையில மிளகாய் அரைக்கிறாங்க.

உதாரணத்துக்கு இப்படி ஒரு தலைப்பு வருதுன்னு வெச்சுக்குவோம்: லெண்டர்ஸ் 70 பெர்சன்ட் ஹேர்கட்டுக்கு ஓகே, பங்குல டெட் கேட் பவுன்ஸ்.

1. லெண்டர்ஸ்னா கடன் கொடுத்த பேங்க்குங்க. 100 ரூபா வர வேண்டிய இடத்துல 30 வருது.

2. அந்த 30ம் எல்லாருக்கும் சமமா போகாது. கம்பெனியக் கலைச்சு விக்கிற நிலைமை வந்தா சட்டமே ஒரு வரிசை வெச்சிருக்கு: முதல்ல கேஸ் நடத்துன செலவு, அப்புறம் தொழிலாளிங்களோட 24 மாச பாக்கியும் ஈடு வாங்கிக் கடன் கொடுத்தவங்களும் ஒரே படியில, அதுக்குக் கீழ மத்த ஊழியருங்க சம்பளம் 12 மாசத்துக்கு, அப்புறம் ஈடு இல்லாம கடன் கொடுத்தவங்க, அப்புறம் சர்க்கார் பாக்கின்னு கீழ போயிக்கிட்டே இருக்கும்.

3. அந்த வரிசையில கடைசி ஆளு யாருன்னா, சாதாரண பங்கு வாங்கி வெச்சிருக்கிறவர். மேல இருக்கிறவங்களுக்கே 70 போச்சுன்னா கீழ அவர் வரைக்கும் ஒண்ணும் வராது, புது முதலாளி வந்தா பழைய பங்கையே பெரும்பாலும் ரத்து பண்ணிடுவாங்க.

4. ஆனா நேத்து நாலு ரூபாயா இருந்த பங்கு இன்னைக்கு நாலரை ஆயிருக்கு, கம்பெனிய யாரோ வாங்கிட்டாங்களாம், இனிமே ஏறும்னு டீக்கடையில ஒருத்தர் ஆயிரம் பங்கு போட்டிருக்காரு. பூனைன்னு தலைப்புல எழுதுனது அந்த அம்பது பைசாவத்தான்.